ஆறணாவில் தோற்கத் தெரிந்தவன்

சவரிநாதனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆறு வருஷம் அவனைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நினைத்ததோடு விட்டேனா, பத்துப் பேர் நடுவில் வாய்விட்டும் சொன்னேன். இருந்தாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவனுக்கு எழுத்து தெரியாது. தெரிந்தாலும் தன்னைப் பற்றி நாலு வரி எழுதுகிற ஆசாமி அல்ல.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் ராசையா, திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். பழைய வண்ணாரப்பேட்டையில் மாமாவின் மளிகைக் கடையில் நாலு வருஷம் பொட்டலம் மடித்தேன். ஒருநாள் ஒரு சிப்பம் கருப்பட்டி காணோம் என்று மாமா என்னைக் கடை வாசலில் நிறுத்திக் களவாணி என்றார். கருப்பட்டி பரணில்தான் இருந்தது, சாயங்காலமே அகப்பட்டது. ஆனால் அதற்குள் நான் தராசுத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் விட்டெறிந்துவிட்டு இறங்கிவிட்டேன். எனக்குக் கோபம் அப்படி. மூக்கு நுனியில்கூட அல்ல, அதற்கும் ஒரு அங்குலம் முன்னால் நிற்கும்.

இறங்கினது நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நேரம். துறைமுக வாசலில் கூலிக்கு ஆள் இல்லை. எத்திராஜுலு மேஸ்திரி, எங்களை ஆண்ட மகாராஜா, கேட் அருகில் தனியாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் இரண்டே பேர் போய் நின்றோம். ஒருவன் நான், இன்னொருவன் சவரிநாதன். ராயபுரத்து ஆள், முப்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயம் கீது மாமு, இல்லாம இன்னா?" என்றான். "ஓட்றதுக்கு இன்னா செலவு, குந்திகினு இருக்கறதுக்கு இன்னா செலவுன்னு பாத்தேன். ஓடிப்போனா அங்க துன்றதுக்குத் துட்டு வோணும், திரும்பி வர்றதுக்குத் துட்டு வோணும். இங்க இருந்தா டபுள் கூலி. குண்டு வியுந்தா உயிரு பூடும். ஆனா வியுமோ வியாதோ."

பார்த்துப் பத்து நிமிஷம் ஆகாத ஒருத்தனை மாமு என்று கூப்பிட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் கேங்கு. ஓடிப்போனவர்கள் திரும்பி வர வர பதினோரு பேர் ஆனோம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. சவரிக்கு மேல்தளத்தில் சரக்கறை வாயின் ஓரம் நின்று, பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவனுக்குக் கை காட்டுகிற வேலை. கீழே இருக்கிற எங்கள் தலைக்கு மேல் ஒரு டன் மூட்டை ஆடும்போது எங்கள் உயிர் அவன் கையில்தான் இருக்கும். பத்து வருஷத்தில் ஒருவர் தலையிலும் ஒரு மூட்டை விழவில்லை. இதையும் நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, காசிமேட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய உப்புக் கிடங்கின் பின்சுவர் நிழலில் மேஸ்திரி வந்து உட்காருவார். நாங்கள் சுற்றி உட்காருவோம். ஆட்டம் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு, நடுவில் ஆளுக்கு ஓரணா. சீட்டு நன்றாக இருந்தால் மேலே கட்டலாம். இல்லையென்றால் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கவிழ்த்த சீட்டை ஒருவரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் மிஞ்சினால் விரித்துக் காட்ட வேண்டும். மூன்று பேர் இருக்கும்போது ஒருவன் தனக்கு முன்னால் கட்டிய பக்கத்து ஆளிடம் 'சைடு' கேட்கலாம். இரண்டு பேரும் சீட்டை ஒருவருக்கொருவர் மட்டும் காட்டிக்கொள்வார்கள். சின்னச் சீட்டுக்காரன் சத்தம் காட்டாமல் கவிழ்த்துவிட வேண்டும். என்ன சீட்டு என்று மற்றவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இது ஊரெல்லாம் ஆடுகிற ஆட்டம். எங்கள் கேங்கில் அதற்கு மேல் ஒரு சட்டம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். மேஸ்திரியிடம் தோற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஜெயித்தவனுக்குத் திங்கட்கிழமை கப்பல் கிடையாது. கேட்டில் எல்லோர் பெயரையும் கூப்பிடுவார்; அவன் பெயர் மட்டும் அவர் நாக்கில் வராது. ஒரு தடவை பட்டவன் மறு தடவை நல்ல சீட்டு வந்தால் பாம்பைக் கண்டவன்போல் கவிழ்த்துவிடுவான். அமீருதீன் பாய் ஒருத்தர்தான் தப்பித்தவர். மார்க்கத்தில் சூது கூடாது என்று சீட்டையே தொடமாட்டார். மேஸ்திரியும் அதில் தலையிடவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மேஸ்திரிக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜெயித்தவனை அவர் கூப்பிடாமல் விடுவது எரிச்சலில். அதற்குப் பயந்து நாங்கள் கவிழ்ப்பது அவருக்கு எட்டவில்லை. தான் பெரிய ஆட்டக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டில் அந்த மனுஷர் ஒரு தப்பாட்டம் ஆடினது கிடையாது. ஒருநாள் தவறுதலாக அவருக்கு நாலு சீட்டு விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவரே நாலையும் தூக்கி நடுவில் போட்டு, "மறுபடி போட்றா கயிதே" என்றார்.

தோற்பதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது என்று சவரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் தோற்றால் ஒன்றரை ரூபாய் போகும். நல்ல சீட்டை உடனே போட மனசு வராமல் கட்டிக்கொண்டே போவேன், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கவிழ்ப்பேன். சிலர் எடுத்ததுமே கவிழ்த்துவிடுவார்கள், அது மேஸ்திரிக்குப் பிடிக்காது, "இன்னாடா, ஆட வந்தியா அயுவ வந்தியா?" என்பார். சவரி நடுவே நடப்பான். ஒருமுறை மேலே ஏற்றிக் கட்டுவான். கொஞ்சம் யோசிப்பான். ஒரு பெருமூச்சு விடுவான். கவிழ்த்துவிடுவான். மேஸ்திரிக்குச் சண்டை போட்டு ஜெயித்த சந்தோஷம். இவனுக்குச் செலவு ஆறணா. வாரா வாரம் ஆறணா, ஒரு காசு அதிகம் போகாது.

தன் சீட்டை அவன் லேசில் பார்க்கவே மாட்டான். மற்றவர்கள் சீட்டை எடுத்துப் பார்க்கிறபோது அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் தன்னுடையதை எடுப்பான். நல்ல சீட்டோ சொத்தைச் சீட்டோ, காசை ஒரே மாதிரிதான் வைப்பான்; எறியமாட்டான், கட்டை விரலால் தள்ளி வைப்பான். "உன் மூஞ்சியே சீட்டு மாமு," என்பான் என்னிடம். "ராஜா வந்தா மீச துடிக்குது."

நாற்பத்தொன்பதில் ஒரு இரும்புக் கயிறு அறுந்து அடித்ததில் அவன் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ரத்தம் பீறிட்டு அடிக்கிறது, நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டு நிற்கிறோம். மேஸ்திரிதான் தோளிலிருந்த சரிகைத் துண்டைக் கிழித்துக் கட்டி, ரிக்‌ஷாவில் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு மாசம் கழித்து சவரி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்தபோது எங்களுக்கெல்லாம் முகம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவன் உட்கார்ந்து கையை நீட்டி, "மூணு சீட்டுக்கு மூணு விரலு போதும், போட்றா" என்றான். மேஸ்திரி சிரித்துவிட்டார். சிரிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைக் கவனித்தவன் சவரி ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஐம்பத்திரண்டில் ஒரு சேதி வந்தது. கப்பல் கூலிகளைப் பதிவு செய்து ஆளுக்கு ஒரு நம்பரும் கார்டும் கொடுக்கப் போகிறார்கள். கார்டு உள்ளவனுக்கு வேலை நிச்சயம். மேஸ்திரியின் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டில் நிற்க வேண்டாம். கார்டு இல்லாதவனுக்கு இனி உள்ளே இடமே இல்லை. எங்களைப் போன்ற கேங்குகளில் மேஸ்திரிதான் ஆட்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. எங்கள் கேங்குக்குப் பதினோரு பெயர். நாங்களும் பதினோரு பேர். சரியாகத்தானே இருக்கிறது என்று இருந்தோம்.

மேஸ்திரிக்கு ஒரு மச்சினன். மாதவரத்தில் மாடு வைத்துப் பால் கறந்துகொண்டிருந்தான். கப்பலை அவன் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. அவனுக்கும் ஒரு கார்டு வாங்கிவிட மேஸ்திரிக்கு ஆசை. அந்த வாரம் வியாழக்கிழமை மேஸ்திரி சவரியைத் தனியே கூப்பிட்டார்.

"உன் கை இந்த மாரி கீது. ரிஜிஸ்டர்ல எட்துக்க மாட்டாங்கடா. நான் இன்னா பண்றது?"

"சரி நைனா," என்றானாம் சவரி. அவ்வளவுதான். மூன்று விரலோடு மூன்று வருஷமாகக் கை காட்டிக்கொண்டிருக்கிறான், இப்போதுதான் அந்தக் கை அவர் கண்ணில் பட்டதா? எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி பிலோமி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது சொல்லுண்ணே. இந்த மன்சன் வாயத் தொறக்க மாட்டேன்றாரு. நாப்பத்தஞ்சு வயசு, மூணு வெரலு, இனிமே யாரு வேல குடுப்பா? மூணு பொட்டப் புள்ளைங்கள வச்சிகினு நான் எங்க போவேன்?"

உள்ளே சவரி வலை நூலால் பழைய கூடை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, வா போவோம். அந்த ஆளு சட்டையப் பிடிச்சுக் கேப்போம்," என்றேன்.

"கேட்டா?"

"கேட்டா என்ன? நியாயத்தக் கேக்கணும்லா!"

"கோவத்துக்கு வெல இன்னா தெரியுமா மாமு? இப்போ எம்பேரு மட்டும்தான் பூட்சி. நீ போய் சட்டையப் புட்ச்சா உம்பேரும் பூடும். அவரு மச்சானுக்கு ஒரு தம்பி கீறான்."

"அப்போ கால்ல விழப்போறியா?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

திங்கட்கிழமை பட்டியல் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு, மேஸ்திரி வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். சவரி வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தான். மேஸ்திரிக்கு இடது பக்கம் அவன், அவனுக்கு இடது பக்கம் நான். மேஸ்திரி அவன் முகத்தைப் பார்க்காமல் சீட்டைக் கலைத்தார். பட்டம்மாள் சுண்டல் கூடையோடு சற்று தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக்கூட விஷயம் தெரியும், அன்று கூவி விற்கவில்லை.

நாலைந்து ஆட்டம் சும்மா போயிற்று. பிறகு அந்த ஆட்டம் வந்தது. என் கையில் மூன்றும் இஸ்பேட். என் மீசை துடித்திருக்கும். மேஸ்திரி கட்டினார். சவரி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் சீட்டைப் பார்த்தான். வழக்கம்போல் ஒருமுறை ஏற்றிக் கட்டினான். ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். நான் கவிழ்க்கவில்லை. மேஸ்திரி மறுபடி ஏற்றினார். இப்போது பெருமூச்சு விட்டுக் கவிழ்ப்பான் என்று எல்லோரும் பார்த்தோம். ஆறணா ஆகிவிட்டது.

சவரி ஒரு ரூபாயைத் தள்ளி வைத்தான்.

"இன்னாடா, இன்னிக்கிக் கொயுப்பு ஜாஸ்தி கீது?" என்றார் மேஸ்திரி. குரலில் கோபம் இல்லை. அவர் கையில் அவ்வளவு நல்ல சீட்டு. அவரும் கட்டினார். சவரி மறுபடி கட்டினான். நானும் விடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து சவரியின் முன்னால் மட்டும் எட்டு ரூபாய் போய்விட்டது. எட்டு ரூபாய் என்றால் மூன்று நாள் கூலி. பிலோமியின் அரிசிக் காசு அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குக் குஷி தாங்கவில்லை. நாளைக்குப் பெயர் போகத்தான் போகிறது, இன்றைக்காவது இந்த ஆளை உரித்துவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் கைதட்டினேன்.

அப்போதுதான் சவரி மேஸ்திரி பக்கம் திரும்பி, "சைடு நைனா," என்றான்.

"வா, வா," என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே சாய்ந்தார். இரண்டு பேரும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சீட்டைக் காட்டினார்கள். மேஸ்திரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் சவரியின் சீட்டுக்குப் போயிற்று, சவரியின் முகத்துக்குப் போயிற்று, திரும்பச் சீட்டுக்கு வந்தது.

சவரி தன் மூன்று சீட்டையும் ஒன்றாகச் சேர்த்தான். நடுவில் இருந்த கட்டுக்குள் செருகினான். "உன்து பெர்சு நைனா. நான் கவுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பட்டம்மாளிடம் காலணாவுக்குச் சுண்டல் வாங்கினான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. எட்டு ரூபாய்! தோற்கிறவன் ஆறணாவிலேயே தோற்றுத் தொலைக்க வேண்டியதுதானே? "த்தூ, பேடிப் பயலே!" என்று அத்தனை பேர் நடுவிலும் கத்தினேன். "வேல போவுதுன்னு தெரிஞ்சும் அந்த ஆளுக்கே கும்பிடு போடுதியே, உனக்கெல்லாம் எதுக்கு மூணு விரலு?"

அப்படித்தான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அந்த ஆத்திரத்தோடு திரும்பி இரண்டு ரூபாயை மேஸ்திரி முன்னால் அடித்து வைத்தேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவே இல்லை. சுண்டல் தின்றுகொண்டு நின்ற சவரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "எட்த்துக்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

 எத்திராஜுலு மேஸ்திரி ஒருவனிடம் கவிழ்த்தார்! என்னிடம் கவிழ்த்தார்! என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நான் நம்பினேன். காசை வேட்டியில் வாரிக்கொண்டபோது என் மார்பு இரண்டு சுற்று பெருத்திருந்தது. அந்தக் காசில் எனக்கு ஒரு மல் ஜிப்பா வாங்கினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டில் பட்டியல் படித்தார்கள். பதினோரு பெயர். மூன்றாவது பெயர் சவரிநாதன். மச்சினன் பெயர் இல்லை. எங்கள் எல்லோருக்கும் கார்டு வரும். அமீருதீன் பாய் சவரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் கிட்டப் போய், "கடைசில கால்ல விழுந்துட்ட, அப்படித்தானே?" என்றேன்.

"வியல மாமு," என்றான்.

நம்பவில்லை. நல்லது நடந்ததே என்று சந்தோஷப்பட்டேன், அதே சமயம் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் இளப்பமாகவும் பார்த்தேன். மேஸ்திரி அதோடு ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். முழங்கால் வலியாவது ஒன்றாவது, என்னிடம் வாங்கின அடி என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறு வருஷம் சொன்னேன். சவரி பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னேன். "ஆமாமா, மாமு ஒரே அடி," என்று அவனும் தலையாட்டுவான்.

போன தை மாசம் என் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கத் திருவொற்றியூரில் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். மேஸ்திரிகளின் காலம் எப்போதோ போய்விட்டது. கட்டிலில் படுத்திருந்தார், பாதி உடம்புதான் மிச்சம். பழைய கதைகள் பேசினோம். வாய் சும்மா இருக்குமா எனக்கு? "அன்னைக்கு நீங்க எங்கிட்ட கவுத்தீங்களே மேஸ்திரி, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"உங்கையில இன்னா சீட்டு அன்னிக்கி?"

"மூணும் இஸ்பேட்."

"எங்கிட்ட ராஜா, ராணி, ஜாக்கி. மூணும் ஆட்டின்."

எனக்கு விளங்கவில்லை. மூன்றும் ஒரே இனத்தில் வரிசையாக வந்தால் என் இஸ்பேட் அதன் கால் தூசு. "பின்னே ஏன் கவுத்தீங்க?"

"சைடுல தோத்தவன் சீட்ட கைல வச்சிகினு ஆடலாமாடா?" என்றார். எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. "மூணு நாலு வச்சிருந்தான் உன் தோஸ்து. மூணும் நாலு! அதுக்கு மேல அன்னிக்கி அங்க சீட்டே இல்ல. அத்தக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு, உள்ள சொருவிட்டு, உன்து பெர்சு நைனான்றான். கால்ல வியுந்திருந்தா எட்டி உதச்சிருப்பேன். பேரக் கேட்டிருந்தா கை ஊனம்னு சொல்லியிருப்பேன். ஒண்ணுமே கேக்கலடா. போய் சுண்டல் துன்னுகினு நிக்கிறான். நான் இன்னா பண்றது, சொல்லு?"

நான் பத்திரிகையை அவர் தலைமாட்டில் வைத்தேன். 

"வூட்டுக்குப் போனேன், சோறு எறங்கல," என்றார். "பத்து வர்சமா வாரா வாரம் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு பொஞ்சாதிகிட்ட சொல்லிகினு கீறேன். அந்த மாரி சீட்ட எத்தினி தபாடா எனக்காவ உள்ள சொருவினீங்க? அவன் மட்டுமா, எல்லாருமா? நீயுமா?"

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? "நான் நெசமாவே தோத்தேன் மேஸ்திரி. எனக்கு ஆடத் தெரியாது," என்றேன். அதில் பாதி பொய். எந்தப் பாதி என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

திருவொற்றியூரிலிருந்து நேரே சவரி வீட்டுக்குத்தான் வந்தேன். பிலோமி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று, கடைசிப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். ஆணியில் கார்டு தொங்கியது. எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்ன செய்வான், கத்தத்தான் செய்வான்.

"மூணு நாலு வச்சிருந்தியாலே நீ?"

சவரி பீடியை அணைத்தான். "மேஸ்திரி சொன்னாரா?"

"அந்த ஆளு மனசு மாறாமப் போயிருந்தா? எட்டு ரூவாயும் போயி, வேலையும் போயி, தெருவுல நின்னிருப்பியே! எந்த தைரியத்துல செஞ்ச?"

"நான் ஜெயிச்சிருந்தா மட்டும் வேல கெடச்சிருக்குமா மாமு? துட்டு வந்திருக்கும், அந்தாளு மூஞ்சி கறுத்திருக்கும். அப்பால?" அணைத்த பீடியைக் காதில் செருகினான். "பத்து வர்சமா அந்த மன்சன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். என் சீட்ட எங்க பாத்தேன்? என் கைக்குத் துண்டக் கெய்ச்சவரு அவரு. வெக்கம் கீற மன்சன். அது மேலதான் கட்னேன். இல்லாட்டி போவட்டும்னுதான் கட்னேன். பயம் இல்லாம இல்ல. சுண்டல் வாங்கினேனே, ஒண்ணு கூட உள்ள எறங்கல."

"என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? ஆறு வருசம் உன்னைப் பேடின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

"சொல்லியிருந்தா நீ கேட்லயே கத்தியிருப்ப. அவரு மானம் பூட்ருக்கும். அப்பால, நீ ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு எவ்ளோ சந்தோசமா சொல்லிகினு இருந்த! அத்த ஏன் கெடுக்கறது?"

நான் மடியிலிருந்து எட்டு ரூபாயை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அந்த வாரம் பிலோமி எந்த வீட்டில் அரிசி வாங்கி உலை வைத்தாளோ, நான் மல் ஜிப்பா போட்டுக்கொண்டு அலைந்தேன். அவன் கட்டை விரலால் அதை என் பக்கமே தள்ளினான்.

"அது எம்பேருக்குக் குட்த்த வெல. உன்து இல்ல. பொண்ணு கல்யாணத்துக்குச் செலவு பண்ணு, போ."

பிலோமி மீனைக் கொண்டுவந்து வைத்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, காரம் ஜாஸ்தியா?" என்றாள். நான் இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் சவரி மாடத்திலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தான். எப்போதும்போல் பீடிக்குத்தான் ஆட்டம். எனக்கு ஒரு ஜோடி ஒன்பது வந்தது. நான் இரண்டு பீடி வைத்தேன். அவன் ஒருமுறை ஏற்றினான். கொஞ்சம் யோசித்தான். ஒரு பெருமூச்சு விட்டான். கவிழ்த்துவிட்டான். பீடிகளை என் பக்கம் தள்ளினான்.

இத்தனை வருஷம் இவனிடம் நான் ஜெயித்த ஆட்டங்களை நினைத்துக்கொண்டேன். என் கை தானாகப் போய் அவன் கவிழ்த்த சீட்டின் மேல் உட்கார்ந்தது.

"கைய எட்றா மாமு," என்றான். "கவுத்த சீட்டப் பாக்கக் கூடாது."

எடுத்துவிட்டேன்.